துறைமுகக் கேற்றடியில் நீ சொன்ன ‘வாறன்’

கோபித்துக்கொண்டிருக்கிற என் பிள்ளைக்கு அம்மா எழுதுவது.

நீ என்னோடு கதையை நிறுத்திய நாளிலிருந்து நான் அனுப்பிய குரல் பதிவுகளில் ஒன்றையும் திறக்கவில்லை என்று அக்கா சொல்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். இதை அவள் படம்பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். குரலைத் திறக்காமல் விடலாம், எழுத்து கண்ணில் விழுந்தால் நீ வாசித்துவிடுவாய். கடையில் வடை சுற்றித் தந்த பேப்பரையே எண்ணெய் துடைத்து வாசிக்கிறவன் நீ. அக்கா இதை வாசித்துவிட்டுத்தான் அனுப்புவாள், அத்தானும் வாசிப்பார். உன்னோடு கப்பலில் வேலை செய்கிற தமிழ்ப் பிள்ளைகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தால் அவர்களும் வாசிக்கட்டும். அவர்களுக்கும் ஊரில் ஒரு அம்மா இருப்பாள்தானே. ஒளிப்பதற்கு எனக்கு ஒன்றுமில்லை.

நடந்ததை முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். திராப்பானித் துறைமுகத்து வாசலில், கேற்றடியில், ‘சரிம்மா, வாறன்’ என்று சொல்லிவிட்டு நீ உள்ளே போனாய். நீ விடைபெற்றுக்கொண்டு கப்பலுக்குத் திரும்புகிறாய் என்று நான் விளங்கிக்கொண்டேன். விளங்கிக்கொண்டு, பலெர்மோவுக்குப் போகிற கடைசி பஸ்ஸில் ஏறிவிட்டேன். நீ சொன்னதோ, பையை எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறேன் என்று. கப்பலை விட்டுவிட்டு என்னோடு வந்துவிடுவதற்காக நீ கேற்றடிக்கு வந்தபோது அங்கே நான் இல்லை. உன் போனில் இத்தாலி சிம் காட் இல்லை, கூப்பிடவும் வழியில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அதே கப்பலில் திரும்ப ஏறியிருக்கிறாய். இதெல்லாம் அக்கா பிறகு உன்னிடம் கேட்டுக் கேட்டு அறிந்தது. அன்றைக்கு நீ அக்காவுக்கு எழுதினது ஒரே ஒரு வரி: ‘அம்மா என்ன விட்டுட்டுப் போயிட்டா.’ அந்த வரியை அவள் எனக்குக் காட்டினபோது அவளுடைய கைக்குழந்தைக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பை நிறுத்திவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன்.

வெளியூரான் ஒருவனுக்கு இதைச் சொன்னால் சிரிப்பான். வருகிறவனும் வாறன் என்கிறான், போகிறவனும் வாறன் என்கிறான், இதென்ன பாஷை என்பான். ‘போறன்’ என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுப்பதில்லை. நான் ஒருமுறை எடுத்தேன். நீ கைக்குழந்தை. உன் அப்பாவோடு என்னவோ சண்டை, நான் மருத்துவிச்சியாக இருந்த கிளினிக்குக்குப் புறப்படுகிற அவசரம், ‘நான் போறன்’ என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். வீடோ என் சீதன வீடு. கோபித்துக்கொண்டு போவதென்றால் போக வேண்டியவர் அவர்தான், அந்த நியாயம் அவருக்கும் தெரியும். ஆனாலும் மனிதர் எங்கள் ஊர்ப் பெரியகல்லாற்றிலிருந்து களுவாஞ்சிக்குடி வரைக்கும் சைக்கிளில் பின்னால் வந்தார். கிளினிக்கில் கர்ப்பிணிப் பெண்கள் வரிசையில் இருக்க, வாசலில் நின்றுகொண்டு, அந்தப் பெண்கள் என்னைக் கூப்பிடுகிற மாதிரியே, ‘மிஸ்ஸி, வாறன் எண்டு சொல்லிட்டு உள்ளுக்குப் போங்க’ என்றார். பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சொன்னேன், வேறென்ன செய்வது. அப்படிக் காப்பாற்றி வைத்த சொல் உன்னையும் என்னையும் இப்படிக் கழுத்தறுக்கும் என்று அவர் கண்டாரா, நான் கண்டேனா.

அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கு நான் பலெர்மோவுக்கு வந்தபோதே, உன் கப்பல் இரண்டு கிழமைக்கு ஒருதரம் திராப்பானிக்கு வருகிறதாம் என்று கேள்விப்பட்டு, ஒரு நாளாவது உன்னைப் பார்க்க வேண்டும் என்று அத்தானை அரித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை பஸ்ஸில் இருத்தி, சாரதியிடம் இத்தாலி மொழியில் என்னவோ சொன்னார். கிழவி தொலைந்துவிடாமல் பார்த்துக்கொள் என்றுதான் சொல்லியிருப்பார். நான் கொண்டுபோனது ஒரு துணிப்பை. அதற்குள் ஊரிலிருந்து பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த கூனி இறாலில் செய்த சம்பல், காத்தான்குடியில் நீ இடுப்பில் உடுக்கவென்று வாங்கின இரண்டு சாரன், வெடிப்புக்குப் பூசுகிற களிம்பு. அந்தப் பையின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

சின்ன ஊர்தான் அது. துறைமுகத்தை விட்டு றோட்டைத் தாண்டினால் கடைத்தெரு. இங்கே சுற்றுலாக் கப்பல் வருகிறது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், உன் கப்பல் அந்த ஊரைவிடப் பெரிதாக நின்றது. அதிலிருந்து இறங்கின வெள்ளைக்காரச் சனம் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக, மலைக்குப் போகிற பஸ்களில் ஏறிப் போனது. கடைசியில் ஒரு பக்கவாசலால் நீ வந்தாய். நான் கட்டிப்பிடிப்பேன் என்று நீ கையை விரித்தாய், நான் உன் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். தொழில் பழக்கம் அது, ஓய்வு பெற்றாலும் போவதில்லை. வெளுத்துப்போயிருந்தது. எத்தனையோ தாய்மாரின் இமையை இழுத்துப் பார்த்து ‘இரும்புக் குளிசையை வீசிப்போட்டு என்னிடம் பொய் சொல்கிறாய்’ என்று ஏசினவள் நான். என் பிள்ளையின் இமையை இழுத்தபோது ஏச வாய் வரவில்லை. ‘வெயில் காணல்ல மனே?’ என்று மட்டும் கேட்டேன்.

‘வெயிலா? கடலே காணல்லம்மா’ என்று நீ சிரித்தாய். ‘சலவை அறை அடியில இரிக்கி. சன்னல் இல்ல. கப்பல் ஆடினாத்தான் கடல்ல இரிக்கம் எண்டு தெரியும்.’ முன்னால் கடலும் பின்னால் வாவியுமாகக் கிடக்கிற ஊரில், நடக்கப் பழகுவதற்கு முன் நீந்தப் பழகின பிள்ளை நீ. சலவை அறை என்று நீ சொன்னது எனக்கு அன்றுதான் தெரியும். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் ‘மகன் கப்பலில் ஹோட்டல் பக்கம்’ என்று நான் சொல்லித் திரிந்தேன், நீயும் திருத்தவில்லை. உன் கைகளைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் சலவை மருந்துத் தூள் தின்று தோல் உரிந்திருந்தது. நீ கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாய்.

நிலம் ஒடுங்கி ஒடுங்கிப் போய்க் கடலுக்குள் முடிகிற இடம் வரைக்கும் நடந்தோம். அங்கே ஒரு பழைய கல் கோபுரம். இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் இன்னொரு கடல் என்று நீ காட்டினாய். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது, ஆனாலும் தலையாட்டினேன். நீ கல்லில் ஏறி இருந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, வெயிலில் கண்ணை மூடிக்கொண்டாய். நான் உன்னை அப்படியே விட்டிருக்கலாம். ‘ஒப்பந்தம் முடிய இன்னும் எத்தனை மாதம்?’ என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே நீ சொன்னாய்: ‘முடிக்கிற எண்ணம் இல்லம்மா. அக்காட்ட நிக்கலாம் எண்டு பாக்கிறன்.’

திரும்பி வரும்போது ஊரே அடைத்துக் கிடந்தது. காலையில் சனம் நிறைந்திருந்த தெருவில் ஒரு ஆள் இல்லை, எல்லாக் கடையும் கதவு போட்டு, சன்னல் பலகைகளெல்லாம் சாத்தி. ‘என்ன மனே, ஊரடங்குச் சட்டமா? கெதியா நட’ என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ நடுத்தெருவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். ‘மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுக்கிற நேரம்மா இஞ்ச. சுடமாட்டாங்க, பயப்படாம வாங்க.’ எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நாளில் நாம் இருவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒருமுறைதான், அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் மகனே, நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்று யோசித்துப் பார். கதவுகள் சாத்தின தெருவில், கையில் ஒழுங்கான காகிதம் இல்லாத பிள்ளையோடு நடப்பது என்னவென்று எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில், புளியந்தீவுப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் உன் மாமாவின் அடையாள அட்டைக்காக நான் பொய் அழுகை அழுது நின்றிருக்கிறேன். உன் பாஸ்போட் கப்பல்காரரிடம் இருக்கிறது. நீ இறங்கி நின்றால் இந்த நாட்டில் நீ யாரும் இல்லை. அந்தப் பயத்தோடுதான் நான் அன்று முழுக்கக் கதைத்தேன், பாசம் இல்லாமல் இல்லை.

திறந்திருந்த ஒரேயொரு சாப்பாட்டுக் கடையில் நீ எனக்குப் பிட்டு வாங்கித் தந்தாய். அவர்கள் அதற்கு வேறு பெயர் சொன்னார்கள். மாவைக் கையால் உருட்டி, ஆவியில் அவித்து, மேலே மீன் ஆணம் ஊற்றித் தந்தால் அது பிட்டுத்தான், பெயரை அவர்கள் என்னவும் வைத்துக்கொள்ளட்டும். தேங்காய்ப்பூ இல்லாத குறை ஒன்றுதான். நீ அள்ளி அள்ளிச் சாப்பிட்டாய். நான் அந்த நேரம் பார்த்து உபதேசம் தொடங்கினேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்றேன். ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்து சேர், அம்மா இருக்கிறேன் என்றேன். நீ கரண்டியை வைத்தாய்.

‘ஊருக்கு வா எண்டு சொல்றீங்க. எந்த வீட்டுக்கும்மா?’

குரலை உயர்த்தவில்லை நீ. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலத்தான் கேட்டாய். பெரியகல்லாற்று வீட்டை அக்காவின் கலியாணத்தில் அவள் பெயருக்கு எழுதியாயிற்று. அதற்கு முன் என் அம்மா எனக்கு எழுதினாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு, ஆண்பிள்ளை கட்டுகிறவளின் வீட்டுக்குப் போகிறவன். உன் அப்பாவும் ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தவர்தான். இது பிழை என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை, இப்போதும் பெண்பிள்ளைக்கு வீடு வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் கலியாணம் ஆகாத ஆண்பிள்ளை ஒருவன், களைத்துப்போய், அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்பான் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அக்கா பலெர்மோவில் இருந்தாலும் அது அக்காவின் வீடு, அதில் நீ விருந்தாளி. ‘வீட்டோட ஒருத்தி வருவா மனே’ என்று பகிடி விட்டேன். உன் முகம் மாறினதைக் கண்டேன். உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து இப்படி ஒரு கேள்வி கேட்டால், பகிடி விடாதே, பழமொழியும் சொல்லாதே. தெரியாது என்று சொல். நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லாமல், என் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். அத்தானைப் பார் என்றேன். அவருக்கு இங்கே காகிதம் கிடைக்காமல் இருந்த காலத்தில் அவருடைய அப்பா செத்தார். போனால் திரும்ப வர முடியாது என்று போகவில்லை. ஒரு முதிய அம்மாவைப் பராமரிக்கிற வேலை அப்போது. அந்த அம்மாவுக்குச் சூப் பருக்கிக்கொண்டே, மற்றக் கையில் போனைப் பிடித்து, அப்பாவைக் குழிக்குள் இறக்குவதைப் பார்த்தாராம். நடுவில் ஊரில் கரண்ட் போய்ப் படம் நின்றுவிட்டதாம். இதை அவரே எனக்குச் சொன்னார், அடுப்படியில், உள்ளி உரித்துக்கொண்டு. ‘உன்ட அப்பாட சவப்பெட்டிய முன்னுக்கு நிண்டு தூக்கினவன் நீ’ என்று உன்னிடம் சொன்னேன். ‘என்ட பெட்டியத் தூக்க நீ வரவேணும். அதுக்கு உன்ட கையில ஒழுங்கான பாஸ்போட் இரிக்கவேணும்.’ நீ பிட்டுக் கோப்பையில் மிச்சமிருந்ததைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

கேற்றடிக்கு வந்தபோது உன் கப்பல் ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நான் உன் தலையைத் தடவி, ‘சரி மனே, உன்ட விருப்பம். நேரமாகுது, போய் உன்ட அலுவலப் பாரு’ என்றேன். இந்த வார்த்தைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். தர்க்கம் போதும், வேலைக்குப் போ என்பது நான் நினைத்தது. அம்மா சம்மதித்துவிட்டாள், போய்ப் பையை எடு என்பது நீ கேட்டது. அதற்குத்தான் உன் முகம் அப்படி மலர்ந்ததா? நான் அதைக் கண்டேன். கண்டு, என் புத்திமதி வேலை செய்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ‘சரிம்மா, வாறன்’ என்றாய். கேற்றைத் தாண்டினதும் கிறுகித் திரும்பி ஒருமுறை பார்த்தாய். நான் கையாட்டினேன்.

பஸ் ஊரைத் தாண்டி மேட்டில் ஏறினபோதுதான் மடியில் துணிப்பை இருந்ததைக் கவனித்தேன். உனக்குக் கொடுக்க வேண்டிய சம்பல், சாரன், களிம்பு எல்லாம் என்னிடமே. ‘மறதிக்காரன், அப்பாவைப்போல’ என்று வாய்க்குள் உன்னை ஏசினேன். யோசித்துப் பார், பிரிந்து போகிற பிள்ளை தாய் கொண்டுவந்ததை வாங்காமல் போவானா? கையை நீட்டக்கூட இல்லை நீ. திரும்பி வருகிறவன்தான் அப்படிப் போவான். ஒரு பெண் வாய் திறப்பதற்கு முன் அவளுக்கு எந்த இடத்தில் வலி என்று கண்டுபிடிக்கிறவள் என்று எனக்கு ஊரில் பேர். என் பிள்ளை எந்த வாறன் சொன்னான் என்று எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. முடியவில்லையா, நான் விரும்பின வாறனைத்தான் என் காது எடுத்துக்கொண்டதா? ஒவ்வொரு விடியற்காலையிலும் இந்தக் கேள்வியோடுதான் எழும்புகிறேன், இன்னும் எனக்குத் தெரியவில்லை. உன்னை விட்டுவிட்டுப் போகவில்லை மகனே. அது மட்டும் சத்தியம்.

இந்தக் கிழமை முழுக்க அக்காவோடும் அத்தானோடும் கதைத்தேன். அக்கா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, ‘தம்பி வந்தா இஞ்ச படுக்கட்டும், ஊர் வீட்டுக் கதையையும் மறுகா பாப்பம்’ என்றாள். அத்தானிடம் நேரடியாகக் கேட்டேன், அவன் நிற்பது சரியா பிழையா என்று. ‘மாமி, நிண்டா என்ன கஷ்டம் எண்டு எனக்குத் தெரியும். கப்பலுக்கு அடியில இரிக்கிற கஷ்டம் எனக்குத் தெரியா. அவனுக்குத்தான் தெரியும்’ என்றார். அந்தப் பேச்சு எனக்குள் போய் இருந்துவிட்டது. நான் உன்னிடம் அந்தக் கஷ்டத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இமையைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், பிறகு என் செத்தவீட்டைப் பற்றிக் கதைத்தேன்.

வருகிற புதன்கிழமை உன் கப்பல் திராப்பானிக்கு வருவது கடைசி முறை, அதற்குப் பிறகு வேறு கடலுக்குப் போகிறது என்று அக்கா பார்த்துச் சொன்னாள். நான் முதல் பஸ்ஸில் வருவேன். என் மனதில் இருப்பதை மறைக்கமாட்டேன்: நீ ஒப்பந்தத்தை முடித்து, காகிதத்தோடு வெளியே வருவதுதான் எனக்கு விருப்பம். பயம் போகவில்லை, போகவும் போகாது. ஆனால் உன்னால் தாங்க முடியாது என்றால் பையோடு வா. முடியும் என்றால் வெறுங்கையோடு வந்து, அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சம்பலை வாங்கிக்கொண்டு போ. எதுவென்றாலும் நான் இம்முறை திருப்பிக் கேட்பேன், உனக்கு எரிச்சல் வந்தாலும் கேட்பேன். கடைசி பஸ் போனால் போகட்டும். உன் கப்பல் கயிறு அவிழ்த்துப் போய்க் கண்ணுக்கு மறையும்வரை அந்த இடத்தை விட்டு அசையமாட்டேன்.

என் பெட்டியைத் தூக்க வரவேண்டும் என்று உன்னை மிரட்டினதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். என் சாவு ஒரு நாள் அலுவல், நீ அந்தச் சன்னல் இல்லாத அறைக்குள் இருப்பது ஒவ்வொரு நாளும். என்னைப் புதைக்க ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். புதன்கிழமை அந்தக் கேற்றடியில் உனக்காக நிற்க என்னைத் தவிர ஒருவரும் இல்லை. நிற்பேன்.